வாசிக்காத மூன்றாம் ஓலை

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டக் கோயிலுக்கு உபதேசியாராகவும் இருந்தேன். பதுளையிலிருந்து ஃபாதர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், பிரசங்கம், கலியாண ஓலை எனும் திருமண அறிவிப்பைச் சபையில் வாசிப்பது எல்லாம் என் பொறுப்பு.

ஆண்டவர் தரும் மாற்றத்தை முறுமுறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பிரசங்கங்களில் பாதி. காய்ச்சலில் இறந்த என் ஒரே மகனைப் புதைத்த அன்றும் குழிக்கு அருகில் நின்று அதையே சொன்னேன். சனம் என்னை வியந்து பார்த்தது. அந்த நிலையிலும் அது எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிறகு வீட்டில் நானும் மருமகளும் மட்டுந்தான். மனைவி முன்னமே இறந்துவிட்டாள். மருமகள் கொழுந்து பறித்தாள். அவள் பெயர் தோட்டப் பதிவில் இருந்ததால்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அந்தக் காம்பரா, ஓர் அறை, எங்களுக்கு இருந்தது.

மூன்றாம் வருடம் அவளைக் கேட்டு ஒருவர் வந்தார். மனைவியை இழந்தவர், பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டுபவர், பேச்சுக் குறைந்தவர். அவளுக்குச் சம்மதம்.

"நீங்களும் எங்ககூட வந்துருங்க மாமா. அங்க ஒரு ரூம் இருக்காம்" என்றாள். "ஓலைய நீங்களே வாசிக்கணும். அப்பதான் எனக்கு நிம்மதி."

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் ஃபாதர் தாலி கட்டுவிப்பார். இரண்டு ஞாயிறு வாசித்தேன். மூன்றாம் ஞாயிறு அந்தத் தாளை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டேன். அடுத்த புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது, அதில் கலியாணம் நடக்காது என்பது எனக்குத் தெரியும்.

கோயில் வாசலில் ஒரு கிழவி கேட்டாள்: "என்ன உபதேசியாரே, மூணாவது ஓலைய ஆடு மேஞ்சிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மருமகள் சிரிக்கவில்லை.

ஃபாதர் தள்ளிப்போடச் சொன்னார் என்று அவளிடம் சொன்னேன். அவள் மனம் மாறிவிட்டது என்று ஃபாதரிடம் சொன்னேன். லொறிக்காரரிடம், "அவதான் நிறுத்தச் சொன்னா தம்பி. நேர்ல கேட்டு அழ வைக்காதீங்க" என்றேன். அவர் நல்லவர். அதனால் கேட்கவில்லை. அழைப்பு வராததைக் கண்டு அவளும் அழைக்கவில்லை. உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடிந்ததும் பண்டாரவளைக் கோயிலில் அவருக்கும் வேறொரு பெண்ணுக்கும் ஓலை வாசித்தார்கள்.

மகனின் நினைவுக்காகச் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தக் காம்பராவையும், விடிந்ததும் கைக்கு வரும் தேநீரையும், உபதேசியார் என்று தோட்டம் தரும் மரியாதையையும் விட்டு, பண்டாரவளையில் யாரோ ஒரு கிழவனாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்களை ஏற்கச் சொன்ன மாற்றம் என் வாசலுக்கு வந்தபோது கதவைச் சாத்தினேன். சாத்தியதில் நசுங்கியது அவளுடைய கை.

அவள் அந்த வருடமே வீட்டுவேலைக்குக் குவைத் போனாள். பதிவில் அவள் பெயரை வெட்டினார்கள். காம்பராவும் போயிற்று. இன்று கோயிலுக்குப் பின்னாலுள்ள சாமான் அறையில் இருக்கிறேன். பிரசங்கத்தை விட்டுவிட்டேன்.

போன மாதம் அவள் விடுமுறையில் வந்தாள். தலை நரைத்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததையும் சொன்னேன்.

"ஃபாதர் மன்னிச்சிட்டாருல்ல? அப்பறம் என்ன?" என்றாள்.

"நீ?"

"அந்தத் தாளு இருக்கா?"

ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. அவள் நின்றபடியே உரக்க வாசித்தாள். அவர் பெயர், அவர் தகப்பன் பெயர், தன் பெயர், இறந்த கணவனின் பெயர். இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்ற கடைசி வரிவரை வாசித்துவிட்டு, சற்றுப் பொறுத்தாள். நான் குனிந்திருந்தேன்.

தாளை மடித்து என் மடியில் வைத்தாள்.

"வாசிக்க ஒரு நிமிசங்கூட ஆகல மாமா" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டாள். அவள் போன பிறகுதான் பார்த்தேன்: அந்த நாட்களில்போலவே எனக்குத் தேநீர் ஊற்றி மூடி வைத்திருந்தாள்.