அம்மா கத்தி பிடித்த வருஷம்

கட்சால் தீவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பப்பாளி மரம் நின்றது. அதைக் கொன்றது என் அம்மா. கோபத்தில் செய்யவில்லை. ஒரு தொழில் கற்றுக்கொள்வதற்காக, நன்றாகத் தெரிந்தே, ஒரு மழைக்காலம் முழுக்கச் சிறுகச் சிறுக அதைக் கொன்றாள்.

நாங்கள் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, பிறகு கப்பலேறி நிக்கோபாருக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் ஒன்று. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று அப்பா சொல்வார். அடக்கம் கருதி அம்மா அதை மறுத்ததாக எனக்கு நினைவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் தேயிலைச் செடியின் மேல் கோழி கொத்துவது போல ஓடுமாம். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது மற்ற பெண்கள் அவள் கூடையைப் பார்த்துவிட்டுத் தங்கள் கூடையைக் குனிந்து பார்ப்பார்களாம்.

கட்சாலில் தேயிலை இல்லை. ரப்பர்தான். ரப்பர் மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவினால் பால் வடியும். அதைச் சிரட்டையில் பிடித்து, வாளியில் சேர்த்து, உறைய வைத்து ஷீட்டாக்குவார்கள். அப்படிச் சீவுவதை எங்கள் ஆட்கள் பால் வெட்டுவது என்பார்கள். ஆரம்பத்தில் காடு திருத்துவதும் கன்று நடுவதும்தான் எல்லோருக்கும் வேலை. முதலில் நட்ட மரங்கள் வெட்டுக்கு வந்ததும் பால் வெட்டக் கற்றுக்கொடுக்க ஒருவர் மெயின்லேண்டிலிருந்து வந்தார். கேரளத்துக்காரர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். தமிழையும் மலையாளத்தையும் தீவு இந்தியையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். எங்களுக்கு எல்லாம் புரிந்தது.

ஆண்களுக்குக் கத்தி, பெண்களுக்கு வாளி என்று அவர் பிரித்தார். அவர் ஊரில் அப்படித்தானாம். அம்மா மட்டும் கத்தி கேட்டாள். வெட்டுகிறவர்களுக்கு வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. வாளி எடுக்கிறவர்களை மழைக்காலத்தில் களை பிடுங்க அனுப்பிவிடுவார்கள். அப்பாவுக்கோ கப்பல் அணையும் ஜெட்டியில் மூட்டை இறக்கும் வேலை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் கப்பல் எப்போது வரும் என்று பேசுகிற வேலை. ஆகவே கத்தி எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது.

மாஸ்டர் மறுக்கவில்லை. எல்லோரும் பார்க்க ஒரு மரத்தைக் காட்டி, "வெட்டுங்க சேச்சி, ஆராம் ஸே" என்றார்.

அம்மாவுக்கு ஆராம் தெரியாது. வேகம்தான் தெரியும். கொழுந்து பறிக்கிற வேகத்தில் இழுத்தாள். கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே தடியில், மரத்தின் கட்டையில், இறங்கிவிட்டது. அப்படிக் காயப்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. மாஸ்டர் கத்தியை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அம்மா தாங்கியிருப்பாள்.

"நீங்க வாளி எடுத்தா போதும், சேச்சி" என்று மெதுவாகச் சொன்னார். யாரோ சிரித்தார்கள்.

அன்று ராத்திரி அப்பா என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அம்மா, "கொழுந்து பறிக்க எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? ஆத்தா பின்னால போய்க்கிட்டே கை பழகிருச்சு. புதுசா ஒண்ணு படிக்க எனக்கு ஏலாது போல" என்றாள்.

அப்பா, "ஏலாதுன்னா விட்டுரு" என்றார்.

அப்பா அப்படிச் சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்று எனக்கே தெரியும். அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? மறுநாள் காலையில் பப்பாளி மரத்தில் ஒரு சாய்வுக் கோடு இருந்தது. அதன் அடியில் ஒரு சிரட்டை கட்டியிருந்தது.

பப்பாளிக்கும் பால் உண்டு. தோல் மெல்லியது, கொஞ்சம் அழுத்தினால் கத்தி சதைக்குள் போய் மரம் தண்ணீராய் வடியும். வெறும் பால் வர வேண்டுமானால் மயிரிழை அளவுதான் சீவ வேண்டும். அதைத்தான் அம்மா தேடினாள் என்பது எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றே அந்த மரத்தோடு எனக்கிருந்த உறவு. அரிவாள்மனையில் தொடங்கி மீன் கத்திவரை எல்லாவற்றாலும் அம்மா வெட்டிப் பார்த்தாள். ஒரு நாள் அப்பா ஜெட்டியிலிருந்து வரும்போது மடியிலிருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்து வைத்தார். படகு எஞ்சின் பழுது பார்க்கிற ஆளிடம் சொல்லி, முனையை வளைத்துத் தீட்டி வாங்கி வந்திருந்தார். அசல் பால்வெட்டுக் கத்தி போலவே இருந்தது.

"காய் காய்க்கிற மரத்தக் கொல்றதுன்னா, ஒழுங்கான கத்தியால கொல்லு" என்றார்.

மழை வலுத்து வெட்டு நிற்கும்வரை, பகலெல்லாம் மாஸ்டரின் ஆட்கள் வெட்டிய மரங்களிலிருந்து வாளியில் பால் சேர்ப்பாள். அவர்கள் வெட்டும்போது கையைப் பார்த்துக்கொண்டே நிற்பாளாம். வீட்டுக்கு வந்ததும் பப்பாளி. மழை விட்ட நேரமெல்லாம் பப்பாளி. "கை அவசரப்படுது, கை அவசரப்படுது" என்று தன் கையைத் தானே திட்டிக்கொள்வாள். ஒரு நாள் காற்றில் மரம் இடுப்பில் முறிந்து விழுந்தது. அதன் பிறகு பல நாள் எங்கள் வீட்டில் பப்பாளிக்காய்க் கூட்டு, பப்பாளிக்காய்க் குழம்பு. நான் மூஞ்சியைச் சுளித்தால், "நானா தள்ளினேன்? காத்துதான் தள்ளுச்சு" என்பாள் அம்மா.

மழை ஓய்ந்து வெட்டு மறுபடி தொடங்கிய சமயம். அம்மா வாளி எடுக்கிற பகுதியில் பால் வெட்டுகிறவர் பக்கத்து வீட்டு மாமா. ஒரு நாள் விடிகாலை அவருக்குக் குளிர்காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தோட்டம்வரை வந்துவிட்டார். அதற்கு மேல் முடியாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறிவிட்டால் பால் வடியாது, அன்றைய பால் அத்தனையும் போச்சு. மாஸ்டர் தூரத்தில் வேறு பகுதியில் இருந்தார். அம்மா மாமாவின் முன்னால் கையை நீட்டினாள்.

"மாஸ்டர் வந்தா எனக்கும் சேத்து வேல போயிரும், தங்கச்சி" என்றார் மாமா.

"நானே எடுத்துக்கிட்டேன்னு சொல்லிருங்க அண்ணே."

இந்த இடத்துக்குத்தான் நான் தூக்குவாளியில் தேத்தண்ணி கொண்டுபோய்ச் சேர்ந்தேன். பள்ளிக்குப் போகும் முன் அது என் தினசரி வேலை. மாமா நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அம்மா மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. ஒரு மரத்தின் முன் நிற்பாள், மூச்சை இழுப்பாள், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு கத்தியைத் தன் பக்கம் இழுத்தபடியே ஒவ்வொரு அடியாக நகர்வாள். மெல்லிய சீவல் சுருண்டு விழும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு கோடு முழுதும் வெள்ளையாகப் பொடித்து, சேர்ந்து, மரத்தில் செருகிய தகர நாக்கு வழியாகச் சிரட்டையில் சொட்டும். அது சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த மரத்துக்குப் போவாள். அம்மா இவ்வளவு மெதுவாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

வரிசை முடியும் தறுவாயில் மாஸ்டர் வந்துவிட்டார். மாமாவைப் பார்த்தார், அம்மா கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். முதல் மரத்துக்குத் திரும்பிப் போய், வெட்டின் மேல் கட்டை விரலை வைத்துத் தடவிக்கொண்டு ஒவ்வொரு மரமாக வந்தார். அம்மா அவர் பின்னால் நடந்தாள். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு மரத்தில் அவர் விரல் நின்றது.

"அது தடியில பட்டுருச்சு. எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

"வேற?"

"வேற எதுலயும் படல."

அவர் நம்பவில்லை. மீதி மரங்களையும் ஒன்று விடாமல் தடவிப் பார்த்தார். கடைசி மரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, "கேக்காம கத்தி எடுத்தது தப்பு" என்றார்.

"தப்புதான், மாஸ்டர்."

"எங்க படிச்சீங்க?"

"வீட்ல" என்றாள்.

"இந்த வரிசையில வாளிக்கு வேற ஆள் போடறேன்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் போய்விட்டார். அம்மாவை வேலையை விட்டே தூக்கிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அழுகைகூட வந்துவிட்டது. அவர் சொன்னது அதற்கு நேர்மாறு, இனி அம்மாவுக்கு வாளி இல்லை, கத்திதான் என்பதை மாமாதான் கம்பளிக்குள்ளிருந்து எனக்கு விளக்கினார். அம்மா ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தூக்குவாளியை என்னிடம் தந்தாள். அதன் கைப்பிடியில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் ரப்பர் பால் ஒட்டியிருந்தது. அன்று அதை நான் கழுவவில்லை.

அடுத்த மாதத்திலேயே இன்னும் சில பெண்கள் கத்தி கேட்டார்கள். மாஸ்டர் அவர்களை அம்மாவிடம் அனுப்பினார். எங்கள் வாசலில் வெட்டிப் பழக மரம் எதுவும் மிச்சமில்லாததால், அவர்கள் தங்கள் வாசல் மரங்களைப் பலி கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புது டீச்சர் வந்தார். போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவர், இந்திதான் பேசுவார். ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி, உன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். என் முறை வந்தது. பால் வெட்டுகிறாள் என்பதை அப்படியே இந்தியாக்கி, "தூத் காட்தீ ஹை" என்று பெருமையாக, உரத்த குரலில் சொன்னேன். வகுப்பு சிரித்தது. பாலை எப்படி வெட்டுவது என்று டீச்சர் கேட்டார். நான் முன்னால் போய், அடிக்கோலைக் கத்தியாகப் பிடித்து, கதவு நிலையில் முழங்கையை ஒட்டி மெதுவாக இழுத்துக் காட்டினேன். டீச்சர் கை தட்டினார்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அடுப்பை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"டீச்சர் என்ன கேட்டாங்க? மொதல்ல இருந்து சொல்லு."

சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். படுத்த பிறகும், "டீச்சர் உன்னய எழுப்பி என்ன கேட்டாங்க?" என்றாள். என் தப்பு இந்தியைக் கேட்டுச் சிரிக்கத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, "தூத் காட்தீ ஹை" என்பதை ஒவ்வொரு தடவையும் இன்னும் வேடிக்கையாகச் சொன்னேன். அந்த இடத்துக்கு வரும் முன்பே அவள் கண்ணை மூடிக்கொண்டுவிடுவாள்.

நானும் அம்மாவாகி, ஒரு வேலைக்குப் போய், என் பிள்ளைகளிடம் யாரோ அதே கேள்வியைக் கேட்பதைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மா திரும்பத் திரும்பக் கேட்க விரும்பியது என் இந்தியை அல்ல, டீச்சரின் அந்தக் கேள்வியை. அம்மா வளர்ந்த தோட்டத்தில் ஒரு குழந்தையிடம், உன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே எல்லா அம்மாக்களுக்கும் ஒரே வேலைதான்.