வைரவர் வேண்டாமென்ற சேவல்

மச்சாளின் வலது மணிக்கட்டில், காப்பு வந்து தங்குகிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு குழி இருக்கிறது. குன்றிமணி ஒன்றை வைத்தால் விழாமல் நிற்கும். அதைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகள், அம்மைத் தழும்பு போல, புறங்கை முழுவதும் இறைந்து கிடக்கும். கலியாண வீடுகளில் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவுகிற பெண்கள், "உதென்ன கையிலை?" என்று கேட்பார்கள். "விதானையார் கொத்தினது" என்பாள் மச்சாள், துருவுகிற கையை நிறுத்தாமல். வெளியூர்க்காரர் திடுக்கிட்டுப் பந்தலுக்குள் அந்தப் பொல்லாத விதானையாரைத் தேடுவார்கள். ஊர்க்காரர் சிரிப்பார்கள். விதானையார் எங்கள் வீட்டுச் சேவல். ஊருக்குத் தலைவரான விதானையாரைப் போலக் கழுத்தை நிமிர்த்தி, கோழிகளின் வழக்குகளையெல்லாம் விசாரித்துக்கொண்டு திரிந்ததால் அந்தப் பெயர்.

மச்சாள் என்று நான் சொல்வது என் அண்ணையின் மனைவியை. அம்மா போன பிறகு நான் அவர்களோடுதான் இருந்தேன். தொண்டைமானாற்றில், ஆற்றுவாய் கடலோடு மல்லுக்கட்டுகிற இடத்துக்குக் கிட்ட, எந்நேரமும் உப்புக்காற்று அறைகிற வீடு. அண்ணை வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போவார். அவர்களின் கைக்குழந்தை மகள், சேலையில் கட்டிய ஏணையில் கிடந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது, மாப்பிள்ளை வரவில்லை. நானும் மச்சாளும் கோழிகளுமாக அந்த முற்றத்தை ஆண்டோம்.

கோழியைச் சாதுப் பிராணி என்று சொல்கிறவர்கள் கோழியோடு குடியிருக்காதவர்கள். விடியற்காலையில் கூட்டைத் திறந்தால் முதல் வேலை சண்டை. கறுப்பி கொழும்பாளின் உச்சந்தலையில் கொத்தும்; கொழும்பாள் ஒற்றைக்கண் புள்ளியைத் துரத்தும்; புள்ளி போய் ஓணானைப் பிடித்துத் தரையில் அடித்து அடித்துக் கிழிக்கும். மட்டத்தேள் ஒன்று கல்லுக்கடியிலிருந்து புறப்பட்டால் அதன் கதை முற்றத்தின் பாதிக்கு முன்பே முடிந்துவிடும். அந்த இரத்தக்களரி ஓய்ந்து வெயில் ஏறியதும், அதே அலகுகள், அதே நகங்கள், ஒன்றன்பின் ஒன்றாக வந்து மச்சாளின் மடியில் ஏறும். அவள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருப்பாள். கறுப்பி அவள் காதோரத்து மயிரை இழுக்கும். புள்ளி கண்ணை மூடித் தொண்டைக்குள் எதையோ முணுமுணுக்கும். குஞ்சுகள் சேலைத் தலைப்புக்குள் புகுந்து, நெஞ்சுக்குள் மழை பெய்வதுபோலச் சத்தமிடும். இட்டவுடன் எடுத்த முட்டையை மச்சாள் என் மூடிய இமைமேல் வைப்பாள். "பார், ஒரு சின்னச் சூரியன்" என்பாள். அந்தச் சூட்டை நான் பிறகு எந்த மனிதக் கையிலும் உணர்ந்ததில்லை.

விதானையார் அந்த மடியில்தான் வளர்ந்தவர். தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோனபோது முட்டையோட்டின் பிசின் காயாத குஞ்சு அது. மச்சாள் மடிக்குள் கட்டிக்கொண்டு திரிந்து, அரிசிக் குருணையை வாயில் மென்று ஊட்டி ஆளாக்கினாள். செம்பும் நெருப்புமான இறகு, கரும்பச்சை வால், இலந்தைமுள்ளைப் போல வளைந்த குதிமுள். ஒரு மத்தியானம் பருந்து ஒன்று குஞ்சைத் தூக்க இறங்கியது. விதானையார் பறந்து அதன் முதுகில் விழுந்தார். இரண்டும் கட்டிப்புரண்டன. முற்றம் முழுவதும் இறகும் புழுதியும். மச்சாள் துடுப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். "எடேய் பிராந்து, ஆரின்ரை வீட்டுக்கு வந்தனி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். பருந்தின் அசைவு நின்ற பிறகும் அடித்தாள். பிறகு அதைக் கயிற்றில் கட்டிப் பூவரசில் தொங்கவிட்டு, சேவலைத் தூக்கி அதன் கொண்டையில் வழிந்த இரத்தத்தை உதட்டால் ஒற்றினாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் ஆனந்தம் என்றுதான் சொல்வேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கார்த்திகையில் அண்ணையின் வள்ளம் திரும்பவில்லை. வாடைக்காற்று பனைகளைப் பிடித்து உலுப்பியது. ஊர் கரையில் நின்றது. மூன்றாம் நாள், பாய் கிழிந்து, முகமெல்லாம் உப்புப் பூத்து, அண்ணை வந்து சேர்ந்தார். மணலில் முழங்காலூன்றி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வைரவர்தான் இழுத்துக்கொண்டு வந்து விட்டவர். வேள்விக்கு என்ரை வீட்டுச் சேவலைத் தாறன் எண்டு கத்தினனான்."

எங்கள் பக்கத்தில் வைகாசி மாதத்தில் வைரவருக்கு வேள்வி. கடாவும் சேவலும் வெட்டுவார்கள். நேர்ந்தால் கொடுக்க வேண்டும். கொடாதவன் கடலில் கால்வைக்கக் கூடாது என்பது கரையில் எல்லோரும் நம்பியது. மச்சாள் கணவனின் வெந்த முதுகுக்கு நல்லெண்ணெய் பூசிக்கொண்டே தொடங்கினாள்.

"ஆரின்ரை சேவல்?"

"எங்கடைதான்."

"எங்கடை எண்டால்? மடியிலை கட்டி வளத்தது ஆர், உங்கடை வைரவரோ?"

"எடியேய், நான் சாகக் கிடந்தனான்."

"சாகக் கிடந்தவருக்குச் சந்நிதி முருகனைத் தெரியேல்லையோ? வாசலிலை நிக்கிறான். அவன் சேவலைக் கொடியிலை வைச்சிருக்கிறவன். உயிரோடை கொண்டுபோய் விட்டிட்டு வந்திருக்கலாம். வெட்டிற சாமியாப் பாத்தெல்லே கூப்பிட்டிருக்கிறியள்!"

"அலை வாய்க்குள்ளை வரேக்கை ஆளைத் தெரிஞ்சு கூப்பிட ஏலுமே?" என்றார் அண்ணை பரிதாபமாக. எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் அது தொண்டைக்குள்ளேயே செத்தது.

பூசாரியார் வந்து சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது சாமியின் சொத்து. அதை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. விதானையாருக்கு இது எப்படியோ விளங்கிவிட்டது. காயப்போட்ட கருவாட்டைக் கிளறினார். நெல் பரப்பிய பாயில் நடந்தார். அடுத்த வீட்டுக்காரரின் குதிக்காலைப் பிளந்தார். உண்மையான விதானையார் ஒருநாள் எங்கள் வேலிப் படலையைத் தாண்டும்போது அவர் பாதத்திலேயே கொத்து விழுந்தது. குடையை ஓங்கியவர், மஞ்சள் துணியைக் கண்டு மெல்ல இறக்கினார். "வைரவருக்காகப் பாக்கிறன்" என்றார். மச்சாள் வேலிக்குப் பின்னால் குந்தியிருந்து, வாய்க்குள் சேலையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் அப்படியே இருந்து அழுதாள்.

அவள் நிலை எனக்குத் தெரியும். சேவலைக் கொடுத்தால் சேவல் இல்லை. கொடாவிட்டால் அண்ணை கடலுக்குப் போகிற ஒவ்வொரு மாலையும் அவள் மணலில் நின்று சாக வேண்டும். இரண்டையும் அவள் நெஞ்சில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். மாசி போய்ப் பங்குனி வந்தது. ஒருநாள் கிணற்றடியில் யாரோ கதைத்தார்கள்: போன வேள்வியில் ஒருவருடைய கடாவைப் பூசாரியார் திருப்பி அனுப்பிவிட்டாராம், காது கிழிந்திருந்ததாம், ஊனம் பட்டது சாமிக்கு ஆகாதாம். மச்சாள் தண்ணீர் அள்ளாமல் வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்தாள்.

அண்ணை வள்ளம் தள்ளிப் போனபின், வெயில் இன்னும் முற்றத்தில் கிடக்க, அவள் மீன் வெட்டுகிற மரக்குற்றியைக் கழுவினாள். கத்தியைக் கல்லில் தீட்டினாள். சேவலை மடியில் வைத்து, பாலில் ஊறிய சோற்றை உருட்டி ஊட்டினாள். அது அவள் கையிலிருந்தே தின்றது. "எடி பிள்ளை, செட்டையோடை சேர்த்து இறுக்கிப் பிடி" என்றாள். அண்ணையின் பழைய சாரத்தால் சுற்றிப் பிடித்தேன். துணிக்குள் அதன் நெஞ்சு என் நெஞ்சைவிட வேகமாக அடித்தது. மச்சாள் அதன் வலக்காலின் நடுவிரலைக் குற்றியில் நீட்டி வைத்தாள். "கண்ணைப் பொத்திவிடட்டோ?" என்று கேட்டேன். "வேண்டாம். நான்தான் செய்தனான் எண்டு அவனுக்குத் தெரியவேணும்."

ஒரே வெட்டு. விரல் தெறித்து விழுந்தது. கறுப்பி ஓடிவந்து அதைக் கொத்திக்கொண்டு போனது. மற்றவை அதன்பின்னால் ஓடின. அதுவும் கோழிதான். சேவல் கத்தவில்லை. சிவந்த கண்ணால் மச்சாளை மட்டும் பார்த்தது. அவள் மஞ்சளும் கரித்தூளும் அப்பி, சீலை கிழித்துக் கட்டி, இரத்தம் தோய்ந்த கையோடு போய்க் கிணற்றுக்கட்டில் வாந்தியெடுத்தாள். விடிய அண்ணை வந்தபோது, "கீரி கடிச்சுப்போட்டுது" என்றாள். கட்டை அவர் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

வேள்வியன்று கோயிலடி முழுவதும் பறைச்சத்தமும் இரத்த வாடையும். கடாக்களின் தலைகள் ஒரு பக்கம் கிடந்தன. மணல் குடித்தது போக மிஞ்சியது காலில் ஒட்டியது. மச்சாள் சேவலை வேறொருவர் கையிலும் கொடுக்கவில்லை. தானே அணைத்துக்கொண்டு வந்தாள். அது விரல் போனபிறகு அவளிடம் ஒட்டாது. அன்று கால்கள் கட்டியிருந்ததால் கிடந்தது. பூசாரியார் கட்டை அவிழ்த்து, மஞ்சள் துணியை விலக்கிக் காலைப் பார்த்தார்.

"இது ஊனமெல்லே தம்பி. சாமி ஏற்காது."

"கீரி கடிச்சது" என்றார் அண்ணை. சொல்லிக்கொண்டே குனிந்து, முதன்முதலாக அந்தக் காலைக் கையில் எடுத்தார். ஆயுள் முழுவதும் மீன் வெட்டிய மனிதர். நேராகப் போன வெட்டு எது, பல் எது என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. நிமிர்ந்து மச்சாளைப் பார்த்தார்.

"கீரிக்குக் கத்தி ஆர் குடுத்தது?"

பறை அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. ஊர் முழுவதும் திரும்பியது. "நான் கடலிலை சாகிறது உனக்கு ஒண்டுமில்லை, என்ன?" என்று அண்ணை கையை ஓங்கினார். என்றைக்கும் ஓங்காத கை. மச்சாள் அசையாமல் நின்றாள்.

அடித்தது சேவல். பூசாரியாரின் பிடியிலிருந்து திமிறிப் பறந்து, அண்ணையை அல்ல, தன்னை வளர்த்தவளை அடித்தது. குதிமுள் அவள் மணிக்கட்டில் இறங்கியது. காப்பு உடைந்தது. அது விடவில்லை, தொங்கிக்கொண்டே கொத்தியது, கொத்தியது. ஓங்கிய கையாலேயே அண்ணை அதன் கழுத்தைப் பிடித்து இழுத்து எடுத்தார். முள் கழன்றதும் இரத்தம் பீறிட்டு வைரவரின் சூலத்தின் அடியில் தெறித்தது. "என்ரை ஐயோ" என்று கத்தியது அண்ணைதான். மச்சாள் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "கழுத்தை நெரியாதையுங்கோ, விடுங்கோ அவனை" என்றாள்.

பூசாரியார் சூலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு பிடி திருநீற்றை அள்ளிக் காயத்தில் அப்பினார். "காணும், போதும். உன்ரை வீட்டிலை இருந்து வர வேண்டிய இரத்தம் வந்திட்டுது. வைரவருக்குச் சேவல் வேண்டாமாம். கொண்டு போங்கோ." அது சாத்திரமோ, அந்தக் கிழவரின் மனமோ, எனக்குத் தெரியாது. அண்ணை மறுநாள் கடலுக்குப் போனார்.

விதானையார் பிறகு பல வருஷம் இருந்தார், ஒரு பக்கம் சாய்ந்து நடந்துகொண்டு. மச்சாளின் மடியில் அவர் பிறகு ஏறவேயில்லை. "பா, பா, பா" என்று அவள் அரிசி எறிந்தால் எல்லாக் கோழிகளுக்கும் பின்னால் வந்து, அரிசியை விட்டு அவள் கையைக் கொத்துவார். நான் தடி எடுத்தால் மச்சாள் என்மேல் பாய்வாள். இரத்தம் கசிய நின்று அவரோடு கதைப்பாள்: "கொத்தடா, கொத்து. கொத்திறதுக்கு இருக்கிறாய் எல்லே. அது காணும்." ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி. கிழடாகி முருங்கையடியில் அவர் விழுந்து கிடந்த அன்று, அவள் தூக்கி மடியில் வைத்தாள். கொத்த முயன்று, முடியாமல், அலகை அவள் கையில் வைத்தபடியே போனார். கறியாக்கலாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் துணிவு வரவில்லை.

இப்போது மச்சாள் மகளோடு கொழும்புத்துறையில் இருக்கிறாள். அண்ணை போய்விட்டார், படுக்கையில், கடலில் அல்ல. ஏணையில் கிடந்த அந்தப் பிள்ளை வளவின் பின்பக்கம் கம்பிக்கூடுகள் அடித்து வெள்ளைக்கோழி வளர்க்கிறாள். நான் போன மாதம் போயிருந்தேன். வரிசை வரிசையாகக் கோழிகள், ஒன்றுக்கும் பெயரில்லை. முற்றத்தில் புழுதி பறக்கவில்லை. மச்சாள் ஒன்றைக் கூட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். அது பஞ்சுபோல இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் அலகு நுனி இல்லாமல், வெட்டிய நகம்போல மொட்டையாக இருந்தது.

"கூட்டுக்குள்ளை ஒண்டை ஒண்டு கொத்திக் கொல்லும் மாமி" என்றாள் அண்ணையின் மகள் என்னிடம். "அதுதான் குஞ்சிலையே சூட்டுக் கத்தியாலை நுனியை எடுக்கிறது. அதுகளின்ரை நன்மைக்குத்தான்."

மச்சாள் தன் மணிக்கட்டை அதன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கொத்தடி" என்றாள். அது தலையைத் திருப்பிக்கொண்டது. அவள் என்னைப் பார்த்தாள். "நான் வெட்டினதை அவன் எனக்குத் திருப்பித் தந்தான், பிள்ளை. உதுகள் ஆருக்குத் திருப்பிக் குடுக்கும்?"

பிறகு மடிக்குப் பக்கத்தில் இருந்த சுளகிலிருந்து ஓர் அரிசியை எடுத்து அந்தக் குழியில் வைத்தாள். கோழி கண்டுவிட்டது. கழுத்தை நீட்டித் தட்டியது. மொட்டை அலகு வழுக்கியது. மறுபடியும் தட்டியது. தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை. மச்சாள் கையை ஆடாமல் பிடித்துக்கொண்டு, "பா, பா, பா" என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். அரிசி அந்தக் குழியில் அப்படியே நின்றது.