குந்தினால்தான் கேட் திறக்கும்

தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள் தாட்சாயணி. வெளியே மாங்காய் லாரி ஹாரன் அடித்துத் தீர்க்கிறது. அவள் கண்ணெல்லாம் காலடியில் வாலாட்டும் கருப்பன் மேல். "அது குந்தட்டும், அப்பால தெறக்கறேன்." கருப்பன் குந்துகிறான், கேட் திறக்கிறது. லாரி உள்ளே வந்து நின்றதும் அவள் தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். பாய்ந்தோடி ஒவ்வொரு டயராக மோந்து பார்க்கிறான். வெதுருகுப்பத்துச் சேறு, ஏதோ ஊர்ச் சாணி என்று அவனுக்கு அதில் அப்படி ஒரு சுகம். குந்தியதற்குக் கூலியும் அதுதான்.

சித்தூர் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் அவள் வாட்ச்மேன். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. விசில் தாலிக்கயிற்றோடு தொங்கும். கருப்பனோ சுண்ணாம்பு வெள்ளை. கேட்டால், "வெள்ளையன்னு கூப்ட்டா கண்ணு பட்டுடும்" என்பாள்.

போன மாதம் மேனேஜர் நாகபூஷணம் கறாராகச் சொல்லிவிட்டார். "தாட்சாயணம்மா, ஆபீசருங்க செக்கிங்குக்கு வர அன்னிக்கு அது கேட்டாண்ட மஞ்சக் கோட்டத் தாண்டிச்சோ, நாய் வண்டிக்கு போன் போட்டுடுவேன்." மறுநாளே அவனைக் குந்தப் பழக்க ஆரம்பித்தாள். ஆலைக்குள் தின்பண்டம் கூடாது. பந்து எறிந்தால் லாரிக்கு அடியில் உருளும். தின்பண்டத்தில் அவளுக்கும் நம்பிக்கை கிடையாது. "பிஸ்கோத்து காட்னா பிஸ்கோத்தயே பாத்துக்கினு இருக்கும். என்னிய எங்க பாக்கும்?"

முதல் நாள் கருப்பன் குந்தவே இல்லை. அவளும் கேட்டைத் திறக்கவில்லை. பதினோரு லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. பொறுமையிழந்த டிரைவர் சிட்டிபாபு இறங்கிவந்து, லுங்கியை மடித்துக் கட்டி, கேட் கம்பிக்கு வெளியே நாய்க்கு எதிரே குந்திக் காட்டினார். "இப்டி நைனா, இப்டித்தான்." பின்னால் வந்த இரண்டு டிரைவர்களும் குந்தினார்கள். கருப்பன் மூக்கை நீட்டி சிட்டிபாபுவின் மீசையை நக்கினான். கடைசியில் கால் வலித்தோ என்னவோ, அவனும் குந்தினான். ரோடே கை தட்டியது.

ஆபீசர்கள் வந்த கார் திருப்பதியிலிருந்து நேராக வந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி, ஐந்தடி தள்ளி நின்றது. நான்கு டயரிலும் புது வாசனை. "குந்து" என்றாள், ஒரே தரம். கருப்பனின் உடம்பெல்லாம் நடுங்கியது, எச்சில் ஒழுகியது, பின்புறம் மட்டும் தரையை விட்டு எழவில்லை. ஆபீசர்கள் உள்ளே போய்த் திரும்பும்வரை நாகபூஷணம் செல்போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

வேலை முடிந்து திரும்பிய கார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட கேட்டருகே, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. மேனேஜருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அவரே தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். கருப்பன் அசையவில்லை. மறுபடி தட்டினார். அவன் தாட்சாயணியைப் பார்த்தான்.

லாரிகளை நிறுத்தும் அதே உள்ளங்கையை அவள் மேனேஜருக்குக் காட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்புறம்தான் தன் தொடையில் தட்டினாள், மெதுவாக, இரண்டு தரம்.