மறுப்பு சொன்னது

வாசுதேவநல்லூரில் பிறந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்ட நீலா, மறந்தும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அவர் பெயர் பரமசிவன். கோவிலுக்குப் போன இடத்தில்கூட அந்தச் சாமியைப் ‘பார்வதி வீட்டுக்காரர்’ என்பாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் வழக்கம் அது.

1979இல் இருவரும் தபால்வழியில் பி.ஏ. பொருளாதாரம் படித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீலா வாய்விட்டுக் கேட்டது அந்தப் படிப்பு ஒன்றைத்தான். பாடம் தபாலில் வந்துவிடும். விவாதிக்க ஆள் வேண்டுமே! அதற்காக முகம்மது கனி சார் ஞாயிறுதோறும் தன் வீட்டு மாடியில் தபால் மாணவர்களைக் கூட்டினார். அங்கே ஒரு சட்டம் உண்டு. யாருக்குப் பதில் சொன்னாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். முதலில் வாயைத் திறப்பது எப்போதும் பரமசிவன். அப்புறம் நீலா எங்கே பேசுவது? அவருக்குப் பதில் சொல்ல, அந்தப் பெயரை அல்லவா முதலில் சொல்ல வேண்டும்!

“வாயில என்னட்டி, கொழுக்கட்டையா? எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்காவ. இன்னைக்கும் பேசலைன்னா படிப்பு போதும், வீட்டோட இரி,” என்றார் பரமசிவன், ஒரு ஞாயிறு கிளம்பும்போது. கோபக்காரர் இல்லை, ஆனால் சொன்னால் செய்கிறவர். அதுதான் அவளுக்குப் பயம்.

அன்று கனி சார் புதிதாக ஒன்று செய்தார். பரமசிவன் வாயை அடக்க வேறு வழி தெரியாமல் செய்ததுதான்.

“இனி ஆளுக்கொரு வேலை. இஸ்மாயில் கேள்வி கேக்கட்டும். பரமசிவன் மறுப்பு. நீலா எல்லாத்தையும் தொகுத்து, எது சரி எது தப்புன்னு சொல்லணும். பேரைச் சொன்னா சண்டை வருது, வேலையைச் சொல்லிப் பேசுங்க.”

ஜவுளிக்கடை இஸ்மாயில் தொடங்கினார். “மழை பொய்ச்சா விவசாயிக்கு நட்டந்தானே?”

“அதெப்படி? விளைச்சல் குறைஞ்சா விலை ஏறும். அவனுக்கு லாபந்தான்,” என்றார் பரமசிவன்.

நீலா எழுந்தாள்.

“மறுப்பு சொன்னது தப்பு,” என்றாள். “வெலை ஏறி என்ன செய்ய? விக்கதுக்கு நெல்லு வேணும்லா. மழை இல்லாத வருசம் வயலு வச்சிருந்த எங்கய்யாவே அரிசியைக் கடையிலதான் வாங்குனாவ. மறுப்பு கடையைப் பாத்திருக்கு, களத்தைப் பாத்ததில்ல.”

கனி சார் குனிந்து சிரிப்பை அடக்கினார். நீலாவுக்கு ஒருபக்கம் சந்தோஷம், ஒருபக்கம் பயம். திரும்பும் வழியெல்லாம் பரமசிவன் நாலடி முன்னாலேயே நடந்தார். படிப்பு போயிற்று என்றே நினைத்தாள். சாரலில் நனைந்துகொண்டே தெருமுக்கில் நின்றார் அவர்.

“அடுத்த வாரம் என்னைக் கேள்வியா ஆக்கச் சொல்லணும். மறுப்பு மறுப்புன்னு ஊர் முன்னால நீ ஏசுதது தாங்கல.”

“கேள்வி தப்பா இருந்தா அதையும் சொல்லுவேன்லா,” என்றாள் நீலா.