இருபதிலிருந்து லாபம் வரை

ஒரே மாதத்தில் மூன்று முறை தோட்டத்து மோட்டாரை அணைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்காக என் மனைவி கம்பத்திலிருந்து தேனிக்கு, நரம்பு டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனாள். வழியில் முப்பத்தொன்பது வேகத்தடைகளை எண்ணினேன். நினைவு சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கே காட்டிக்கொள்ள.

டாக்டர் என் மகள் வயதுப் பெண், சென்னைக்காரர். என் மூளையின் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். வரிசைக்கு ஐந்தாக இருபது படங்கள். "வயசுக்கு நல்லாவே இருக்கு" என்றார். எனக்கிருந்த பயம் அந்த இருபதில் எதிலும் தெரியவில்லை.

"அய்யா, இருபதுலேர்ந்து பின்னாடி எண்ணுங்க."

நிறுத்தாமல் எண்ணி முடித்தேன். அவர் தாளில் பெருக்கல் குறி போட்டார்.

"கடைசியா என்ன சொன்னீங்க?"

"ஒண்ணு."

"இல்லையே. லாபம்னு சொன்னீங்க."

என் மனைவி சிரித்துவிட்டாள். "அது தப்பில்ல தாயி. இவுக நாப்பது வருசம் தேங்காய் மண்டியில எண்ணிக்கை பாத்தவுக. இங்கன காய் எண்ணுறவுக ஒண்ணுன்னு சொல்ல மாட்டாக, லாபம்னுதான் ஆரம்பிப்பாக. என்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தட்டுல இருந்த பழத்த லாபம், ரெண்டுன்னு எண்ணுன ஆளு!"

டாக்டரும் சிரித்து, குறியை அடித்துச் சரி போட்டார். முழு மதிப்பெண்.

மாடியிலிருந்து இறங்கும்போது பதினோராவது படியில் நின்றுவிட்டேன். லாபம் என்று சொன்னது தப்பில்லை. ஆனால் நான் 'ஒன்று' என்றல்லவா சொன்னேன்? என் காதில் அப்படித்தான் விழுந்தது. இரண்டு பேருக்குக் கேட்ட சொல், சொன்ன எனக்குக் கேட்கவில்லை. என் வாயை வைத்து அதைச் சொன்னது எது? மூளை ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, என் மனத்திடம் வேறொன்றைச் சொன்னதாகக் காட்டுகிறதா? பேசாமல் இறங்கிப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தோட்டத்துக்கும் தனியாகப் போய்வந்திருக்கலாம்.

திரும்பி ஏறினேன்.

"என்ன, செருப்ப விட்டுட்டீகளா?" என்று மனைவி பின்னாலேயே வந்தாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்த மாதிரி எத்தனை தடவை நடந்திருக்கு, அய்யா?"

எனக்கே கேட்காத ஒன்றை நான் எப்படி எண்ணுவேன்? மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள்.