உறையாது என்று யார் எழுதுவது?

ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் ஹார்டுவேர் கடை சேல்ஸ்மேனாக இருந்தபோது, ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் புல் விதை தூவும் தள்ளுவண்டி வாங்க வந்தார். ஆகஸ்ட் வெயிலிலும் டையைத் தளர்த்தாத மனிதர். எதைச் சொன்னாலும் "எழுதிக் குடுப்பீங்களா?" என்பார்.

தனக்கு விசா கொடுத்த கஃபீலின் வீட்டுத் தோட்டத்துக்கு என்றார். சின்ன வண்டியே போதும் என்றேன். அவர் விரலோ கேட்டலாக்கில் பெரியதன் மேல் நின்றது. அது பனி உறைந்த வாசலில் வழுக்காமலிருக்க உப்பும் தூவுமாம். விலை இரண்டு மடங்கு.

"சார், இங்க எங்க சார் பனி உறையும்?"

"உறையாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, தப்பித்தவறி உறைஞ்சு, கஃபீல் வழுக்கி விழுந்துட்டார்னு வைங்க. உப்பு போடுற வண்டிய ஏன் வாங்கலன்னு கேட்டா என் விசாதான் போகும். உங்களுக்கென்ன?"

பேனாவை நீட்டினார். வெளியே ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தது. பேனாவைக் கையில் வாங்கியும்விட்டேன். அப்புறம் மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய வண்டிக்கே பில் போட்டேன்.

எனக்கும் ஒரு கஃபீல் இருந்தார்.