பீச்சாங்கை

எண்பதுகளில், ஹூஸ்டனில், எங்கள் ஆபீஸ் பேஸ்பால் டீமுக்கு இடது கை பேட்டர் ஒருவன் தேவைப்பட்டான். எதிரணியில் வலது கையால் பந்து வீசுகிறவன் வந்தால் மட்டும் இறக்குவதற்கு. நான் அடித்துக் காட்டினேன். "இத்தனை நாள் எங்கே இருந்தாய்?" என்று கேப்டன் கட்டிக்கொண்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பீச்சாங்கை, பீச்சாங்கை என்று அப்பா பிரம்பால் விளாசிய கை இது. எழுத விட்டாரா, சாப்பிட விட்டாரா, மனுஷன்? வீடு வரும்வரை காரில் அவரைத் திட்டித் தீர்த்தேன். பின்சீட்டில் என் ஐந்து வயது மகள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சாப்பிட உட்கார்ந்ததும் அவள் இடது கையால் இட்லியை எடுத்தாள். பட்டென்று அந்தக் கையில் ஒன்று வைத்தேன்.

அவள் அழவில்லை. "உங்களை டீமில் எடுத்ததே இந்தக் கைக்காகத்தானே, டாடி?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.